மூன்று பேருக்கும் நுரையீரல் புற்றுநோய்தான். மருந்து மட்டும் ஏன் வெவ்வேறு?

சென்னிமலையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

"எங்க அய்யனுக்கு 62 வயசுங்க. தறி ஓட்டினவரு, பீடிப் பழக்கம் உண்டு. இருமல்னு போனப்ப டிபின்னு சொல்லி ரெண்டு மாசம் மாத்திரை குடுத்தாங்க. குறையல. அப்புறம் கோயமுத்தூர்ல நெஞ்சுல தண்ணி எடுத்து, பயாப்சி பண்ணி, அடினோகார்சினோமா, நாலாவது ஸ்டேஜ்னு சொல்லிட்டாங்க. எங்க பெரியப்பாவுக்கும் நுரையீரல் கேன்சர்தானுங்க. அவருக்கு மூணு நாள் தொடர்ந்து ஊசி போட்டு, ஒரே மாசத்துல கட்டி பாதியாச்சு. அத்தை ஊட்டு மாமாவுக்கு முதல் நாளும் எட்டாவது நாளும் போட்டாங்க. அய்யனுக்கு மட்டும் 21 நாளைக்கு ஒருக்காத்தான் மருந்துங்கறாங்க. அதுக்கும் முன்னாடி ஜீன் டெஸ்ட் வர ரெண்டு வாரம் பொறுக்கச் சொல்லி, வைட்டமின் ஊசி ஒண்ணு போட்டு அனுப்பிட்டாங்க. காப்பீட்டு அட்டையில போறதால மட்டமான வைத்தியம் பண்றாங்களா? ரெண்டு வாரம் சும்மா இருந்தா நோவு முத்திப் போகாதுங்களா? உயரம் 162, எடை 54, கிரியாட்டினின் 0.9. தை மாசம் தம்பிக்குக் கல்யாணம் வெச்சிருக்கோம். அய்யன் வந்து நிக்க முடியுமுங்களா?"

அன்புள்ள சகோதரிக்கு,

மட்டமான வைத்தியம் இல்லை. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் மருத்துவர் செய்வது சரியான வரிசை. பெரியப்பா, மாமா, அய்யன் மூவருக்கும் கட்டி வந்த இடம் ஒன்று. வந்த நோய் மூன்று. மருந்தைத் தீர்மானிப்பது பயாப்சி ரிப்போர்ட்டின் கடைசி வரியில் இருக்கும் செல்லின் பெயர். அடுத்த முறை யாராவது "எங்க ஊட்டுல இந்த ஊசி போட்டோம், நல்லாயிடுச்சு" என்று சொன்னால், அந்தக் கடைசி வரியை முதலில் கேளுங்கள்.

மூன்று நாள் தொடர் ஊசி என்றால் பெரியப்பாவுக்கு வந்திருப்பது பெரும்பாலும் சிறுசெல் புற்றுநோய். நுரையீரல் புற்றுநோய்களில் ஏறத்தாழ 15 சதவீதம் இந்த வகை. பெரும்பாலும் புகை பிடித்தவர்களுக்கு வருவது. சிஸ்பிளாட்டின் அல்லது கார்போபிளாட்டின் முதல் நாள், அதனுடன் எட்டோபோசைடு உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 100 மி.கி. வீதம் மூன்று நாளும். 21 நாளைக்கு ஒரு சுற்று, நான்கு முதல் ஆறு சுற்று. இந்தச் செல்கள் மிக வேகமாகப் பெருகுபவை. பெருகும் செல்லைத்தான் கீமோ பிடிக்கும் என்பதால் கட்டி கரைவதும் வேகமாகவே நடக்கும். ஆனால் கரைந்த வேகத்தை வைத்து நோய் தீர்ந்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சிறுசெல் நோய் திரும்பி வரும் குணம் உள்ளது. நோய் ஒரு பக்க நெஞ்சோடு நின்றிருந்தால் முதல் அல்லது இரண்டாவது சுற்றிலேயே கதிர்வீச்சையும் சேர்ப்பார்கள். பரவியிருந்தால் இப்போது அடிசோலிசுமாப் அல்லது டுர்வலுமாப் என்ற எதிர்ப்பாற்றல் மருந்தைச் சேர்க்கும் வழியும் இருக்கிறது. பெரியப்பா நன்றாக இருப்பதாக உணர்ந்தாலும் ஸ்கேன் தேதிகளைத் தள்ளிப்போட விடாதீர்கள்.

மாமாவுக்கு முதல் நாளும் எட்டாவது நாளும் என்பது ஜெம்சிடபினுக்கு உரிய அட்டவணை. ஸ்குவாமஸ் என்ற தட்டைச் செல் வகைக்கு அடிக்கடி தரப்படுவது. முதல் நாள் கார்போபிளாட்டினும் ஜெம்சிடபினும், எட்டாம் நாள் ஜெம்சிடபின் மட்டும். இதே வகைக்குப் பேக்ளிடாக்ஸலும் கார்போபிளாட்டினும் தருவது இன்னொரு வழி. ஜெம்சிடபினை அரை மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். "மெதுவா ஏத்துங்க சிஸ்டர்" என்று நம் ஆட்கள் அக்கறையில் சொல்வார்கள். ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் இந்த மருந்தின் நச்சுத்தன்மை கூடும்.

அய்யனுக்கு வந்துள்ள அடினோகார்சினோமாவுக்கு முதன்மையான கீமோ பெமெட்ரெக்செட். இதை ஸ்குவாமஸ் வகைக்குத் தருவதில்லை. 2008-ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில் சிஸ்பிளாட்டினுடன் பெமெட்ரெக்செட் ஒரு குழுவுக்கும் ஜெம்சிடபின் மற்றொரு குழுவுக்கும் தரப்பட்டது. மொத்தமாகப் பார்த்தால் இரண்டும் சமம். செல் வகை வாரியாகப் பிரித்தபோது அடினோகார்சினோமாவில் பெமெட்ரெக்செட் முந்தியது, ஸ்குவாமஸில் ஜெம்சிடபின் முந்தியது. பெமெட்ரெக்செட் அடைக்கிற தைமிடிலேட் சிந்தேஸ் என்ற நொதி ஸ்குவாமஸ் செல்களில் அதிகமாக இருப்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். ஆக மாமாவின் மருந்தை அய்யனுக்குக் கேட்பதும், அய்யன் மருந்தை மாமாவுக்குக் கேட்பதும் இருவருக்கும் நட்டம்.

இனி இரண்டு வாரக் காத்திருப்பு. அடினோகார்சினோமா உள்ள இந்தியர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு ஈஜிஎஃப்ஆர் என்ற மரபணுவில் மாற்றம் இருக்கும். ஏஎல்கே, ராஸ்1 போன்றவை அதைவிடக் குறைவு. புகைக்காதவர்களிடம் இவை அதிகம்தான். பீடி குடித்தவர் என்பதற்காகச் சோதனையை விட்டுவிடக் கூடாது. மாற்றம் இருந்தால் ஜெஃபிடினிப், ஆசிமெர்டினிப் போன்ற தினசரி மாத்திரைகளே சிகிச்சையின் தூணாகிவிடும். அப்போதும் கீமோவுக்கு இடமுண்டு. மும்பை டாடா நினைவு மருத்துவமனை 2020-ல் வெளியிட்ட ஆய்வில், ஜெஃபிடினிப் மட்டும் எடுத்தவர்களுக்கு நோய் கட்டுக்குள் இருந்த காலம் நடுமதிப்பில் 8 மாதம். பெமெட்ரெக்செட், கார்போபிளாட்டினையும் சேர்த்து எடுத்தவர்களுக்கு 16 மாதம். பக்க விளைவு சேர்த்து எடுத்தவர்களுக்கே அதிகம்.

இந்த நாட்களைச் சும்மா கழிக்க வேண்டாம். பயாப்சி சதையை மெழுகில் பதித்து வைத்திருக்கும் பாரஃபின் பிளாக், சோதனைக் கூடத்துக்கு உண்மையாகவே போய்ச் சேர்ந்ததா என்று கேளுங்கள். தாமதம் பெரும்பாலும் அங்கேதான் நேர்கிறது. சதை போதவில்லை என்று திருப்பி அனுப்பினால், நெஞ்சிலிருந்து எடுத்த நீரிலுள்ள செல்களைத் திரட்டி மெழுகில் பதித்த செல் பிளாக்கில் பார்க்க முடியுமா, ரத்தத்தில் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். இரண்டுக்கும் வழி உண்டு. மூச்சுத்திணறல் கூடினாலோ ஆள் நாளுக்கு நாள் தளர்ந்தாலோ முடிவு வரும்வரை பொறுக்க வேண்டியதில்லை. முதல் சுற்றுக் கீமோவை மட்டும் தொடங்கிவிடலாம். பெம்ப்ரோலிசுமாப் போன்ற எதிர்ப்பாற்றல் ஊசியை மட்டும் ஜீன் முடிவுக்கு முன் அவசரப்பட்டுச் சேர்க்கக் கூடாது. அதைப் போட்ட சில வாரங்களில் ஆசிமெர்டினிப் தொடங்க நேர்ந்தால் நுரையீரல் அழற்சி கடுமையாக வரக்கூடும். ஈஜிஎஃப்ஆர் மாற்றம் உள்ளவர்களுக்கு அந்த ஊசியால் பலனும் குறைவு.

டிபி மாத்திரையைப் பற்றியும் ஒன்று. அய்யன் இன்னும் ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறாரா? சாப்பிட்டால் அதைப் புற்றுநோய் மருத்துவரிடம் இன்றே சொல்லுங்கள். ஜெஃபிடினிப், ஆசிமெர்டினிப் இரண்டின் அளவையும் ரத்தத்தில் பாதிக்கும் கீழே இறக்கிவிடும் மருந்து அது. டிபி உறுதியாகாமலே தொடங்கியது என்றால் நிறுத்தலாமா என்பதை அவர்கள் சொல்ல வேண்டும். நீங்களாக நிறுத்த வேண்டாம். ஜெஃபிடினிப் தொடங்கினால் வயிற்றெரிச்சலுக்குத் தினமும் போடும் பான்டோபிரசோல் மாத்திரையையும் சொல்லிவிடுங்கள். ஜெஃபிடினிப் உடலில் சேர்வதை அது குறைக்கும்.

நீங்கள் சாதாரணமாக எழுதிய "வைட்டமின் ஊசி"தான் என்னைப் பொறுத்தவரை இந்தச் சிகிச்சையின் முதல் பாதுகாப்பு. பெமெட்ரெக்செட் ஃபோலிக் அமிலத்தின் வழியை அடைக்கும் மருந்து. தொடக்க கால ஆய்வுகளில் ஃபோலிக் அமிலமும் பி12-ம் குறைந்த உடம்பில் அது வெள்ளை அணுக்களைத் துடைத்தெடுத்தது, வாயெல்லாம் புண்ணாக்கியது, சிலர் உயிரையும் கொண்டுபோனது. வைட்டமின் கொடுத்துப் போட ஆரம்பித்த பிறகு அந்தக் கேடு வெகுவாகக் குறைந்தது. அதனால் பி12 1000 மைக்ரோகிராம் தசை ஊசியாக ஒரு வாரம் முன்பு. பிறகு ஒன்பது வாரத்துக்கு ஒரு முறை. ஃபோலிக் அமிலம் 400 மைக்ரோகிராம் முதல் 1 மி.கி. வரை, முதல் கீமோவுக்கு ஐந்து முதல் ஏழு நாள் முன்பிருந்து, கடைசிக் கீமோ முடிந்து 21 நாள் வரை தினமும். மருந்துக்கடையில் கேட்டால் பெரும்பாலும் 5 மி.கி. மாத்திரையைத்தான் எடுத்துத் தருவார்கள். சீட்டைக் காட்டி, எழுதிய அளவையே வாங்குங்கள். "சத்து மாத்திரைதானே, தீர்ந்தா அடுத்த சந்தைக்குப் போறப்ப வாங்கிக்கலாம்" என்று விடக்கூடிய மாத்திரை இது இல்லை. நோய் அவசரப்படுத்தினால் வைட்டமினையும் கீமோவையும் ஒரே நேரத்தில் தொடங்கலாம் என்று சண்டிகர் பிஜிஐ மருத்துவமனை ஆய்வு காட்டியிருக்கிறது. அந்த முடிவு மருத்துவருடையது.

கீமோவுக்கு முந்தின நாள், அன்று, மறுநாள் என மூன்று நாளும் டெக்ஸாமெத்தசோன் 4 மி.கி. காலையும் இரவும். தோலில் தடிப்பு வராமல் இருக்க அது. தூக்கம் கெடும், விக்கல் வரும், சர்க்கரை ஏறும். சர்க்கரைக்காரர் என்றால் அந்த மூன்று நாளும் வீட்டில் குளுக்கோமீட்டர் வேண்டும்.

அளவு எப்படி வருகிறது என்பதை அய்யனின் எண்களை வைத்தே காட்டுகிறேன், பின்னால் உதவும். உயரத்தையும் எடையையும் பெருக்கி 3600-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் உடல் பரப்பு: 162 பெருக்கல் 54, 8748, வகுத்தால் 2.43, வர்க்கமூலம் 1.56 சதுர மீட்டர். பெமெட்ரெக்செட் சதுர மீட்டருக்கு 500 மி.கி. என்பதால் 780 மி.கி. கார்போபிளாட்டின் சிறுநீரகத்தை வைத்துக் கணக்கிடப்படும். 140-இலிருந்து வயதைக் கழித்தால் 78. எடை 54-ஆல் பெருக்கினால் 4212. அதை 72 பெருக்கல் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு ரத்தத்தில் இருக்கும் அளவு) 0.9, அதாவது 64.8-ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 65 மி.லி. இதுதான் சிறுநீரகம் சுத்திகரிக்கும் அளவு. இதனுடன் 25 கூட்டினால் 90. ரத்தத்தில் மருந்து எவ்வளவு நிற்க வேண்டும் என்ற இலக்குக்கு ஏயூசி என்று பெயர். ஏயூசி 5 என்று எழுதியிருந்தால் ஐந்தால் பெருக்கி 450 மி.கி.

இப்போது கிரியாட்டினின் 1.4 ஆனதாக வைத்துக்கொள்ளுங்கள். ரிப்போர்ட்டில் வழக்கமான வரம்பைவிடக் கொஞ்சம்தான் கூடுதலாகத் தெரியும். கணக்குப் போட்டால் சுத்திகரிப்பு 42-க்கு இறங்கிவிடும். 45-க்குக் கீழே பெமெட்ரெக்செட் போடக் கூடாது; போட்டால் மருந்து வெளியேறாமல் உடம்பிலேயே தங்கி எலும்பு மஜ்ஜையை அழிக்கும். 54 கிலோ உடம்பில் இந்தச் சிறு ஏற்றம் அவ்வளவு பெரிய விஷயம். இந்த ஏற்றத்தைப் பெரும்பாலும் கொண்டுவருவது வாந்தி, பேதி, தண்ணீர் குடிக்காமல் படுத்திருப்பது, அப்புறம் முட்டிவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாத்திரைகள். காலமெல்லாம் தறியில் நின்றவருக்கு முட்டிவலி இருக்கும். கீமோ காலத்தில் அந்த வலி மாத்திரை வேண்டாம். மருத்துவரிடம் கேட்டு வேறு வாங்குங்கள். பஸ்பம், செந்தூரம் சேர்ந்த நாட்டு மருந்தையும் அதே காரணத்துக்காக இப்போது நிறுத்தி வையுங்கள். நெஞ்சில் மறுபடி நீர் அதிகமாகச் சேர்ந்தால் மருந்து அதிலும் போய்த் தங்கி மெதுவாகக் கசியும். கீமோவுக்கு முன் எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள்.

சிஸ்பிளாட்டின் ஏன் தரவில்லை என்றும் யாராவது கேட்பார்கள். அதற்கு அதிகத் தண்ணீர் ஏற்ற வேண்டும், வாந்தி கடுமை, சிறுநீரகத்தையும் காதையும் தாக்கும். அறுவை சிகிச்சை முடிந்து நோய் திரும்பாமல் இருக்க நான்கு சுற்றுப் போடுபவர்களுக்கு அந்தச் சிரமத்தைத் தாங்குவதில் பொருள் உண்டு. நான்காம் நிலையில், இந்த எடையில், கார்போபிளாட்டின்தான் என் தேர்வாகவும் இருக்கும். கார்போபிளாட்டின் ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்களைக் குறைக்கும். பல் துலக்கும்போது ரத்தம், தோலில் சிவப்புப் புள்ளி தெரிந்தால் உடனே சிபிசி என்ற ரத்த அணுக்கள் எண்ணும் சோதனை எடுங்கள்.

ஒவ்வொரு சுற்றுக்கும் முந்தின நாள் சிபிசி, கிரியாட்டினின், ஈரல் சோதனை. கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணு வகையான நியூட்ரோபில் 1500-க்கும் தட்டணு ஒரு லட்சத்துக்கும் மேல் இருக்க வேண்டும். ரிப்போர்ட்டில் மொத்த வெள்ளை அணு 2800, நியூட்ரோபில் 30 சதவீதம் என்றிருந்தால் 840தான். ஒரு வாரம் தள்ளுவார்கள். அப்படித் தள்ளினால் கோபப்பட வேண்டாம், அது சிகிச்சையின் பகுதி. மருந்து ஏறும் நேரம் குறைவுதான்: பெமெட்ரெக்செட் பத்து நிமிடம், இடைவெளி விட்டுக் கார்போபிளாட்டின் அரை மணி முதல் ஒரு மணி நேரம். ஊசி ஏறும் இடத்தில் எரிந்தால் பொறுத்துக்கொள்ளாமல் அந்த நொடியே செவிலியரைக் கூப்பிடச் சொல்லுங்கள். நம் ஆண்கள் வலியை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

குமட்டலுக்கு ஆன்டன்செட்ரானுடன் இரவில் ஓலன்சபின் மாத்திரை எழுதியிருப்பார்கள். மருந்துக்கடையில் "இது மனநோய் மாத்திரையாச்சே" என்று சொல்லித் திகைக்க வைத்தால் பயப்பட வேண்டாம். கீமோ குமட்டலை அடக்குவதில் அது மிக நல்ல, விலை குறைந்த மருந்து. தூக்கம் மட்டும் வரும். ஆன்டன்செட்ரான் மலச்சிக்கலைக் கொண்டுவரும். மூன்றாம் நாள் "சோறு எறங்கல" என்பார். காரணம் மலம் போகாததாகவும் இருக்கலாம். பெமெட்ரெக்செட்டுக்கு முடி பெரும்பாலும் முழுதாகக் கொட்டாது. எட்டோபோசைடும் பேக்ளிடாக்ஸலும் மொட்டையாக்கிவிடும். பெரியப்பாவின் தலையைப் பார்த்துவிட்டு அய்யனுக்கு மருந்து வேலை செய்யவில்லை என்று ஒரம்பரையில், அதாவது உறவில், யாரும் முடிவுகட்ட வேண்டாம்.

காய்ச்சல்தான் நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்ளும் விஷயம். கீமோ போட்ட ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை வெள்ளை அணு தாழ்ந்திருக்கும். வீட்டில் தெர்மாமீட்டர் இருக்க வேண்டும். 100.4 டிகிரியைத் தொட்டால், இரவு ரெண்டு மணியானாலும், பாராசிட்டமால் போட்டு விடியக் காத்திருக்காமல் கிளம்புங்கள். கோவை வரை போக வேண்டியதில்லை. பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்குப் பக்கம். உள்ளே போனதும் முதல் வாக்கியமாக "கீமோ போட்டு இத்தனை நாள் ஆச்சு, காய்ச்சல் இருக்கு" என்று சொல்லி டிஸ்சார்ஜ் சீட்டை நீட்டுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் நரம்பில் ஏற வேண்டும். இந்த நிலையில் சீழ் பிடிக்கக்கூட வெள்ளை அணு இருக்காது. அதனால் காய்ச்சலைத் தவிர வேறு அறிகுறியே இல்லாமல் ஆள் சில மணி நேரத்தில் சரிந்துவிடலாம்.

அதே நாட்களில் நோயாளியைப் பார்க்க வருகிற ஒரம்பரைக் கூட்டத்தையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். நம் பக்கம் பார்க்க வராவிட்டால் குறையாக நினைப்பார்கள். மூன்றாவது வாரம் வரச் சொல்லுங்கள், சளி இருமல் உள்ளவர்கள் அப்போதும் வேண்டாம். சாப்பாட்டில் பெரிய விலக்கு ஒன்றுமில்லை. சூடாகச் சமைத்தது, முட்டை, கொள்ளு, பாசிப்பயறு, தயிர், நன்றாக வேகவைத்த கறி எல்லாம் சாப்பிடலாம். சந்தையில் வெட்டி வைத்த பழமும் கழுவாத கீரையில் பிழிந்த பச்சைச் சாறும் வேண்டாம். எடை 54-இலிருந்து இறங்காமல் பார்ப்பதே சாப்பாட்டின் வேலை. பீடியை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். நோய் வந்த பிறகு நிறுத்தினாலும் மூச்சுக்கும் சிகிச்சைக்கும் பலன் உண்டு.

இரண்டு அல்லது மூன்று சுற்று முடிந்ததும் ஸ்கேன். நோய் குறைந்திருந்தாலோ அப்படியே நின்றிருந்தாலோ நான்கு சுற்று முடித்து, பெமெட்ரெக்செட்டை மட்டும் 21 நாளுக்கு ஒரு முறை தொடர்வார்கள். நான்காம் நிலையில் இந்தச் சிகிச்சை நோயை அடியோடு எடுப்பதில்லை. ஆயுளை நீட்டும், மூச்சையும் வலியையும் எளிதாக்கும். இதை உங்களிடம் மறைப்பது நியாயமில்லை. பகலில் பாதிக்கு மேல் படுக்கையிலேயே இருக்கும் அளவுக்கு அவர் தளர்ந்தால், ஜீன் மாற்றத்துக்கான மாத்திரைக்கு வாய்ப்பில்லாத நிலையில், கீமோவால் கேடுதான் மிஞ்சும். அப்போது நிறுத்துவதும் நல்ல மருத்துவம்தான். வலி நிவாரணப் பிரிவை முதல் நாளிலிருந்தே சேர்த்துக்கொள்ளுங்கள். 2010-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், அய்யனைப் போலச் சிறுசெல் அல்லாத வகை பரவிய நோயாளிகளில், தொடக்கத்திலேயே அந்தப் பிரிவின் கவனிப்பில் இருந்தவர்கள் மற்றவர்களைவிட நன்றாகவும் நீண்ட நாளும் வாழ்ந்தார்கள்.

காப்பீட்டு அட்டையில் தரப்படும் கார்போபிளாட்டினும் பெமெட்ரெக்செட்டும் பணம் கட்டி வாங்கும் அதே மூலக்கூறுகள்தான். எதிர்ப்பாற்றல் ஊசிக்காகக் காட்டை விற்கலாமா என்ற பேச்சு வீட்டில் வரும். விற்பதற்கு முன் மருத்துவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: பிடி-எல்1 (எதிர்ப்பாற்றலிடமிருந்து தப்பப் புற்றுச் செல் காட்டும் புரதம்) எத்தனை சதவீதம், ஜீன் முடிவு என்ன, இந்த ஊசியைச் சேர்த்தால் அய்யனுக்கு எவ்வளவு பலன் எதிர்பார்க்கிறீர்கள். ஜீன் மாற்றம் எதுவும் இல்லாமல் பிடி-எல்1 50 சதவீதம் அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் அந்தப் பேச்சுக்கு நல்ல வலு. குறைவாக இருப்பவர்களுக்கும் கீமோவோடு சேர்த்துத் தருவதுண்டு. பலன் அந்த அளவுக்கு இராது. எதுவாக இருந்தாலும் கடனாளியாகும் அளவுக்குப் போகச் சொல்லி நான் எழுத மாட்டேன்.

கல்யாணத்துக்கு வருகிறேன். முகூர்த்தத் தேதியை முதல் சுற்றுக்கு முன்பே டே கேர் செவிலியரிடம் எழுதிக் கொடுங்கள். கீமோ போட்ட பதினாறாம் நாளுக்கும் இருபத்தொன்றாம் நாளுக்கும் இடையில் முகூர்த்தம் விழும்படி சுற்றுகளை அமைக்கலாம். தேவைப்பட்டால் ஒரு சுற்றைச் சில நாள் தள்ளவும் செய்யலாம். முந்தின நாள் சிபிசி எடுத்துவிடுங்கள். மண்டபத்தில் ஓரமாகக் காற்றோட்டமான இடத்தில் நாற்காலி, முகக்கவசம், கூட்டம் பந்திக்குப் போகும் முன் தனியாகச் சூடாக ஒரு சாப்பாடு. விடியற்காலை முகூர்த்தம் என்றால் இரவே மண்டபத்தில் தங்க வைக்காமல், வீட்டில் தூங்கவிட்டு நேரத்துக்குக் காரில் அழைத்து வாருங்கள். தம்பிக்கு உடன்பிறந்தவளாக நீங்கள் இணைச்சீர்ச் சடங்கு செய்யும்போது அவர் எதிரில் உட்கார்ந்து பார்க்கலாம்.